ஒரு பிரிட்டிஷ் ஜெனரலின் ராணுவ வாழ்க்கையைப் படிப்பது எப்படி?

போர்க்களத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அவருடைய பதவி உயர்வுத் தேதிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் எந்தத் தளபதியை எடுத்தாலும் இப்படித்தான் ஆரம்பிப்பேன். எந்தப் போர் அவரைத் தூக்கிவிட்டது, யாருடைய தயவு இருந்தது என்பதெல்லாம் பாதி அங்கேயே தெரிந்துவிடும். தேதிகளுக்கு ஹார்ட்டின் ஆர்மி லிஸ்ட் (அதிகாரிகளின் பதவிப் பட்டியல்), லண்டன் கெஸட் (பிரிட்டிஷ் அரசிதழ்) இரண்டும் போதும்.

ஃபிரெடரிக் ராபர்ட்ஸை வைத்துக் காட்டுகிறேன். 1832இல் கான்பூரில் பிறந்தவர், 1851இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பீரங்கிப் படையில் சேர்ந்தவர்.

பக்கத்தைப் பிரித்து ஒரு பக்கம் ரெஜிமென்ட் பதவி, மறுபக்கம் பிரெவெட் பதவி என்று போடுங்கள். இதைக் கலந்துவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். ராணியின் காலாட்படையில் 1871 வரை பதவியைக் காசு கொடுத்தே வாங்கலாம். கம்பெனியின் பீரங்கிப் படையில் அது கிடையாது. மேலே இடம் காலியானால்தான் உயர்வு. போரில் பேரெடுத்தவருக்கு ரெஜிமென்டுக்கு வெளியே தரப்படுவது பிரெவெட். ராபர்ட்ஸ் 1860 நவம்பர் 12 அன்று இரண்டாம் கேப்டன் (முழுக் கேப்டனுக்கு ஒரு படி கீழே) ஆனார். மறுநாளே பிரெவெட் மேஜர். 1857-58 சிப்பாய்க் கிளர்ச்சிப் போருக்கான பரிசு, அவர் கேப்டன் ஆகட்டும் என்று அத்தனை நாள் காத்திருந்தது.

அடுத்து 1868, அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா). அங்கே அவர் போர்முனையில் இல்லை. ஸூலா துறைமுகத்தில் சரக்கு, கப்பல் வேலைகளைப் பார்த்தார். போர் முடிந்ததும் படைத்தலைவர் நேப்பியரின் அறிக்கைகளை லண்டனுக்குக் கொண்டுபோனவர் அவர். ஆகஸ்ட் 15 அன்று பிரெவெட் லெப்டினன்ட் கர்னல்! ரெஜிமென்டிலோ முழுக் கேப்டன் பதவி அந்த நவம்பரில்தான் வந்தது. வெற்றிச் செய்தியைக் கொண்டுபோகிறவருக்குப் பதவி உயர்வு தருவது அன்றைய வழக்கம். அதனால் செய்தியை யார் கொண்டுபோனார் என்று ஒவ்வொரு போரிலும் பாருங்கள்.

அப்புறம் தளபதி எழுதிய அறிக்கை. தன் போரைப் பற்றித் தானே எழுதுவது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். ஆப்கானிஸ்தானில், கந்தகாருக்கு அருகே மைவாண்டில் 1880 ஜூலை 27 அன்று பிரிட்டிஷ் படை தோற்றது. முற்றுகையில் சிக்கிய கந்தகாரை மீட்க ராபர்ட்ஸ் ஆகஸ்டில் காபூலிலிருந்து புறப்பட்டு, சுமார் 500 கிலோமீட்டர் நடந்து, 31ஆம் தேதி கந்தகார் சேர்ந்தார். மறுநாள் சண்டையில் வென்றார். அவரைப் பெரும் புகழுக்குக் கொண்டுபோனது இந்த நடைதான். ஆனால் வழியில் எதிர்ப்பே இல்லை. சில மாதம் முன்பு இன்னொரு பிரிட்டிஷ் தளபதி டொனால்டு ஸ்டூவர்ட் அதே வழியில் எதிர்த்திசையில் படை நடத்தி, ஏப்ரல் 19 அன்று அகமது கேலில் கடும் சண்டை போட்டே காபூல் போனார். ராபர்ட்ஸின் படைக்குத் தனி வெண்கல நட்சத்திரம் கிடைத்தது, ஸ்டூவர்ட்டின் நடைக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரே பாதையில் நடந்த இரண்டு பேரை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

என் நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தியும் உண்டு: வேலையைச் செய்தது யார், அனுபவித்தது யார். கந்தகார் நடையில் சுமார் 10,000 படையினர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்களும் கூர்க்காக்களும். கூடவே சுமார் 8,000 பணியாட்கள், கோவேறு கழுதைகளை ஓட்டியவர்கள், டோலி தூக்கியவர்கள். ராபர்ட்ஸ் காய்ச்சலில் விழுந்தபோது அவரையும் டோலியில்தான் சுமந்தார்கள். 1879இல் காபூலில் பிரிட்டிஷ் தூதர் கவாக்னாரி கொல்லப்பட்டபின் ராபர்ட்ஸ் அமைத்த ராணுவ விசாரணையில் தூக்கிலிடப்பட்ட ஆப்கானியர்களையும், 1900இல் தென்னாப்பிரிக்காவில் அவர் உத்தரவால் எரிக்கப்பட்ட போயர் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) பண்ணைகளையும் நான் இதே பத்தியில் எழுதுகிறேன். இது இல்லாமல் ஒரு ஜெனரலின் கணக்கை முடிக்க எனக்கு மனம் வராது.

தேடும்போது பெயர் மாறுவதைக் கவனியுங்கள். அவர் 1892இல் கந்தகார் ராபர்ட்ஸ் பிரபு, 1901இல் ஏர்ல். இந்திய ராணுவக் கோப்புகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, மற்றவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில்.

ராபர்ட்ஸ் முடிந்ததும் கார்னெட் வுல்ஸ்லியை எடுங்கள். பர்மா, கிரிமியா, லக்னோ, சீனா, கனடா, அசாந்தி, 1882இல் எகிப்து என்று அவருக்கு நோட்டில் இன்னும் அதிகப் பக்கம் ஒதுக்க வேண்டியிருக்கும்.