புகைப்பழக்கத்தை நிறுத்தத் தொலைபேசி ஆலோசனை: எப்படிப் பயன்படுத்துவது?

புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் ஆலோசனை எண்ணை அழைப்பதற்கு முன், ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், கண்விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், முந்தைய முயற்சி எங்கே முறிந்தது என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விழித்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைப்பவருக்கு புகையிலையில் உள்ள அடிமையாக்கும் பொருளான நிகோடினின் பிடி பொதுவாக வலுவாக இருக்கும் என்பதால், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் பற்றிய பேச்சு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும்.

கஞ்சா புகைப்பவர் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புகையிலையோடு கலந்து சுருட்டுபவர் சிகரெட்டை மட்டும் விட்டால், அப்படிச் சுருட்டிப் புகைக்கும் ஒவ்வொரு முறையும் நிகோடின் உடலுக்குள் வந்துகொண்டேயிருக்கும். இரண்டையும் ஒன்றாக விடுவதா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பதை ஆலோசகரோடு பேசி முடிவெடுங்கள். எதை நிறுத்தினாலும் எரிச்சலும் தூக்கக் குறைவும் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை இருக்கக்கூடும்.

நிறுத்தும் தேதியைக் குறித்ததும், ஆலோசகர்களே உங்களைத் திரும்ப அழைக்கச் சம்மதம் கொடுங்கள். கூச்சத்தால் இதை மறுப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரே உரையாடலைவிடத் தொடர் அழைப்புகளே கூடுதல் பலன் தருகின்றன. முதல் வாரமே கடினமானது என்பதால் அந்த வாரத்திலேயே ஓர் அழைப்பைக் கேட்டுவாங்குங்கள். இடையில் ஒன்றைப் புகைத்துவிட்டாலும் அடுத்த அழைப்பைத் தவிர்க்காமல், எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது என்று அப்படியே சொல்லுங்கள்.