கிளவுட் டேட்டாபேஸ் செட்டிங்ஸ ஒரு தடவை எழுதி பல இடத்துல மாட்டுறது எப்படி? பாராமீட்டர் க்ரூப், புதுசா வர்றவங்களுக்கு

சொந்த சர்வர்ல மைஎஸ்க்யூஎல் ஓட்டிப் பழகினவங்களுக்கு செட்டிங் மாத்துறதுன்னா ஒரே ஃபைல் தான், மை டாட் சிஎன்எஃப்ப திறந்து ரெண்டு வரி மாத்தி ரீஸ்டார்ட் குடுத்தா முடிஞ்சுது. கிளவுட்ல மேனேஜ்டு டேட்டாபேஸ் (சர்வர கிளவுட் கம்பெனியே பாத்துக்கற டேட்டாபேஸ்) எடுத்துட்டீங்கன்னா அந்த ஃபைல் உங்க கைக்கு வரவே வராது, சர்வருக்குள்ள லாகின் பண்ணவும் முடியாது. அதுக்குப் பதிலா செட்டிங்ஸ் எல்லாத்தையும் ஒரு பேர் குடுத்து தனியா வச்சுக்கிட்டு, எந்த டேட்டாபேஸுக்கு வேணுமோ அதுல மாட்டணும். அமேசானோட மேனேஜ்டு டேட்டாபேஸ் சர்வீஸான ஆர்டிஎஸ்ல இதுக்குப் பேரு பாராமீட்டர் க்ரூப், ஓபன்ஸ்டாக் ட்ரோவ்ல கான்ஃபிகரேஷன் க்ரூப், ஆரக்கிளோட மைஎஸ்க்யூஎல் ஹீட்வேவ்ல வெறும் கான்ஃபிகரேஷன். கூகுள் கிளவுட் எஸ்க்யூஎல்ல மட்டும் கதை வேற, அங்க ஃபிளாக்னு சொல்லி ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் (ஓடிட்டு இருக்கற ஒவ்வொரு டேட்டாபேஸ் சர்வருக்கும்) தனித்தனியா வைக்கணும்.

நான் இங்க ஆர்டிஎஸ்ஸ வச்சே சொல்றேன், நிறைய பேரு முதல்ல அதைத்தான் தொடுறாங்க.

ஸ்டெப்புக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. டேட்டாபேஸ் உருவாக்குற அன்னைக்கே உங்களுக்குன்னு ஒரு க்ரூப் உருவாக்கி மாட்டிடுங்க, அதுல ஒரு செட்டிங் கூட மாத்தலன்னாலும் பரவாயில்ல. நீங்க எதையும் தேர்ந்தெடுக்கலன்னா டீஃபால்ட் க்ரூப் தானா ஒட்டிக்கும், அந்த டீஃபால்ட்ட யாராலயும் எடிட் பண்ண முடியாது. ஆறு மாசம் கழிச்சு ஒரு சின்ன செட்டிங் மாத்தணும்னு வரும்போது புது க்ரூப் உருவாக்கி, மாட்டி, டேட்டாபேஸ ரீபூட் பண்ணாதான் வேலை செய்யும், அதுக்குள்ள ஆப் லைவ்ல ஓடிட்டு இருக்கும். முதல் நாளே சொந்த க்ரூப் இருந்திருந்தா பாதி செட்டிங்க ரீபூட்டே இல்லாம மாத்தியிருக்கலாம்.

ஸ்டெப் 1: க்ரூப் உருவாக்குறது

ஆர்டிஎஸ் கன்சோல்ல இடது பக்க மெனுல பாராமீட்டர் க்ரூப்ஸ்னு இருக்கும், அதுக்குள்ள போய் கிரியேட் குடுங்க. எஞ்சின் (மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் மாதிரி டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) என்ன, ஃபேமிலி என்ன, பேரு என்னன்னு கேட்கும். ஃபேமிலிங்கறது எஞ்சினோட மேஜர் வெர்ஷன், அதாவது மைஎஸ்க்யூஎல் 8.0, போஸ்ட்கிரெஸ் 16 இப்படி. 8.0 க்ரூப்ப 8.4 டேட்டாபேஸ்ல மாட்ட முடியாது, அதனால முதல்ல உங்க டேட்டாபேஸ் எந்த வெர்ஷன்னு பாத்துட்டு வாங்க.

பேருல எழுத்து, நம்பர், ஹைஃபன் மட்டும்தான், புள்ளி வைக்க முடியாது, முதல் கேரக்டர் எழுத்தா இருக்கணும். ஆப் பேரு, எஞ்சின் வெர்ஷன், ப்ராடக்‌ஷனா டெஸ்ட்டா, இந்த மூணும் பேருலயே தெரியற மாதிரி வைங்க. டெஸ்ட், புதுசு, புதுசு-2 இப்படி வச்சா நாலு மாசம் கழிச்சு எது எதுல மாட்டியிருக்குன்னு உங்களுக்கே தெரியாது. உருவாக்கின உடனே மாட்டாம ஒரு 5 நிமிஷம் விடுங்க, அமேசானே அப்படித்தான் சொல்றாங்க.

அரோரா (ஆர்டிஎஸ்ல இருக்கற அமேசானோட சொந்த எஞ்சின்) யூஸ் பண்றவங்க கவனிங்க, அங்க ரெண்டு வகை இருக்கு, கிளஸ்டர் (சேர்ந்து ஓடுற இன்ஸ்டன்ஸ் கூட்டம்) முழுக்க ஒண்ணு, ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் ஒண்ணு. நீங்க தேடுற செட்டிங் ஒரு லிஸ்ட்ல இல்லன்னா இன்னொண்ணுல பாருங்க.

ஸ்டெப் 2: மாத்தி பாக்குறது

முதல் பயிற்சிக்கு ஸ்லோ குவெரி லாக் (ரொம்ப நேரம் எடுக்குற குவெரிகள எழுதி வைக்கற பதிவு) தான் பெஸ்ட், ஏன்னா எதையும் உடைக்காது, உடனே பலன் தெரியும். க்ரூப்ப திறந்து எடிட் குடுத்து தேடுற பாக்ஸ்ல ஸ்லோ குவெரி லாக்னு அடிங்க, அதை 1 ஆக்குங்க. அப்புறம் லாங் குவெரி டைம், அதாவது எத்தனை செகண்டுக்கு மேல போனா ஸ்லோன்னு எழுதணும்ங்கற அளவு, மைஎஸ்க்யூஎல்ல இதோட டீஃபால்ட் 10 செகண்ட், ஒரு வெப் ஆப்புக்கு 10 செகண்ட்ங்கறது ரொம்ப ஜாஸ்தி, யூசர் அதுக்குள்ள பேஜ மூடிட்டுப் போயிடுவாரு, அதனால 1 ஆக்குங்க. லாக் அவுட்புட்ங்கற செட்டிங் டேபிள்னு இருந்தா ஃபைல்னு மாத்துங்க, கிளவுட்வாட்ச்சுக்கு (அமேசானோட லாக், மானிட்டரிங் சர்வீஸ்) லாக் அனுப்பணும்னா ஃபைலா இருந்தாதான் போகும். சேவ்.

இப்ப ஒவ்வொரு செட்டிங் பக்கத்துலயும் டைனமிக், ஸ்டாட்டிக்னு ஒரு காலம் (column) இருக்கும், இதைப் பாக்காம எதையும் மாத்தாதீங்க. டைனமிக்னா ஏற்கனவே மாட்டியிருக்கற டேட்டாபேஸ்ல ரீபூட் இல்லாமலே ஏறிடும். ஸ்டாட்டிக்னா ரீபூட் பண்ற வரைக்கும் பழைய மதிப்புலதான் ஓடும். ஒரே மாதிரி செட்டிங்கா இருந்தாலும் எஞ்சினுக்கு எஞ்சின் இது மாறும்: ஒரே நேரத்துல எத்தனை பேர் கனெக்ட் ஆகலாம்னு சொல்ற மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் மைஎஸ்க்யூஎல்ல டைனமிக், போஸ்ட்கிரெஸ்ல ஸ்டாட்டிக். ஒண்ணுல பழகிட்டு இன்னொண்ணுல போய் மாத்திட்டு ஏன் மாறலன்னு உக்காந்து தேடுறவங்க நிறைய பேரு.

ஸ்டெப் 3: டேட்டாபேஸ்ல மாட்டுறது

டேட்டாபேஸ தேர்ந்தெடுத்து மாடிஃபை குடுத்து, கீழ அடிஷனல் கான்ஃபிகரேஷன்ல உங்க க்ரூப்ப செலக்ட் பண்ணி சேவ் பண்ணுங்க. கொஞ்ச நேரத்துல கான்ஃபிகரேஷன் டேப்ல க்ரூப் பேருக்குப் பக்கத்துல பெண்டிங் ரீபூட்னு வரும். முதல் தடவை மாட்டும்போது டைனமிக் செட்டிங் கூட ரீபூட்டுக்கு அப்புறம்தான் ஏறும், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல. மெயின்டனன்ஸ் விண்டோ (வாரா வாரம் பராமரிப்புக்கு ஒதுக்கின நேரம்) வரும்போது அதுவா ரீபூட் ஆகிடும்னும் காத்திருக்காதீங்க, ஆகாது, நீங்கதான் பண்ணணும். ரீபூட் முடிஞ்சதும் இன் சிங்க்னு மாறிடும்.

ஸ்டெப் 4: நிஜமாவே ஏறுச்சான்னு பாக்குறது

கன்சோல்ல இன் சிங்க்னு வந்ததோட விட்டுடாதீங்க. டேட்டாபேஸுக்குள்ள கனெக்ட் பண்ணி ஷோ குளோபல் வேரியபிள்ஸ் ஓட்டிப் பாருங்க, போஸ்ட்கிரெஸ்னா ஷோ கமாண்ட், இல்லன்னா பிஜி செட்டிங்ஸ் வியூல பெண்டிங் ரீஸ்டார்ட்னு ஒரு காலமே (column) இருக்கு, எது இன்னும் ஏறாம நிக்குதுன்னு அதுல தெரிஞ்சிடும்.

இங்க ஒரு நுணுக்கம். லாங் குவெரி டைம், வெயிட் டைமவுட் மாதிரி செட்டிங்குக்கு குளோபல் மதிப்பு ஒண்ணு, ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் சொந்த மதிப்பு ஒண்ணு உண்டு. கனெக்‌ஷன் திறக்கும்போது குளோபல்ல என்ன இருந்துச்சோ அதைத்தான் அது கடைசி வரைக்கும் வச்சுக்கும். உங்க ஆப் கனெக்‌ஷன் பூல் (திறந்ததை மூடாம வச்சு திரும்பத் திரும்ப யூஸ் பண்றது) வச்சிருந்து, ரீபூட் இல்லாம செட்டிங்க மாத்தியிருந்தா, பூல்ல இருக்கற பழைய கனெக்‌ஷன் எல்லாம் 10 செகண்ட்லயே ஓடிட்டு இருக்கும், நீங்க புதுசா கனெக்ட் பண்ணி பாத்தா 1னு காட்டும். லாக்ல ஒண்ணுமே வரலன்னு தோணினா முதல்ல ஆப்ப ரீஸ்டார்ட் பண்ணி பூல புதுப்பிங்க.

ஸ்டெப் 5: ஒரே க்ரூப்ப பல டேட்டாபேஸுக்கு வைக்கிறது

ஒரு க்ரூப்ப பத்து டேட்டாபேஸ்ல மாட்டினா வேலை ரொம்ப கம்மி, ஆனா அதுல ஒரு டைனமிக் செட்டிங்க மாத்தினா பத்துலயும் சேர்ந்தே மாறும். அதனால டெஸ்ட்டும் ப்ராடக்‌ஷனும் ஒரே க்ரூப்ப பகிரவே கூடாது. மதிப்பு அச்சு அசலா ஒண்ணா இருந்தாலும் க்ரூப் ரெண்டா இருக்கட்டும். டெஸ்ட் க்ரூப்ல மாத்தி ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு ப்ராடக்‌ஷன் க்ரூப்ல மாத்துங்க.

மெமரி சம்பந்தப்பட்ட செட்டிங்ல நேரடியா நம்பர் போடாதீங்க, ஃபார்முலாவ அப்படியே விடுங்க. மைஎஸ்க்யூஎல் 8.0ல இன்னோடிபி பஃபர் பூல் சைஸ் (டேட்டாவ மெமரில வச்சுக்கற இடத்தோட அளவு) டீஃபால்ட்டா மெமரில முக்கால்வாசின்னு ஃபார்முலாவாதான் இருக்கும், மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் மெமரி பைட்ட 12582880 ஆல வகுத்தது. 16 ஜிபி மெஷின்ல கணக்குப்படி 1365 வரும், ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒதுக்கினது போக நிஜத்துல அதைவிட கொஞ்சம் கம்மியா இருக்கும். பெரிய மெஷினுக்கோ சின்ன மெஷினுக்கோ மாறினா இது தானா சரியாகும். இதே இடத்துல பஃபர் பூல் 12 ஜிபின்னு எழுதி வச்சுட்டு அதே க்ரூப்ப 4 ஜிபி மெஷின்ல மாட்டினா டேட்டாபேஸ் எழுந்திருக்காம இன்கம்பேட்டிபிள் பாராமீட்டர்ஸ்னு ஒரு நிலைல போய் நிக்கும். அப்படி ஆனா பயப்பட வேண்டாம், டேட்டா எங்கயும் போகல, அந்த செட்டிங்க ரீசெட் பண்ணி ரீபூட் குடுத்தா வந்துடும்.

போஸ்ட்கிரெஸ்ல ரீட் ரெப்ளிகா (பிரைமரிங்கற மெயின் டேட்டாபேஸோட படிக்க மட்டுமான நகல்) வச்சிருக்கறவங்க ரெப்ளிகாவோட மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் பிரைமரில இருக்கறதைவிட குறையாம பாத்துக்கணும், குறைஞ்சா ரெப்ளிகா ஸ்டார்ட்டே ஆகாது. கூட்டும்போது ரெப்ளிகால முதல்ல, குறைக்கும்போது பிரைமரில முதல்ல.

டெராஃபார்ம்ல (கிளவுட் செட்டப்ப கோடா எழுதுற டூல்) எழுதுறவங்களுக்கு ஒரு வரி: ஸ்டாட்டிக் செட்டிங்குக்கு அப்ளை மெத்தட்ல பெண்டிங் ரீபூட்னு எழுதலன்னா எர்ரர் வரும், டீஃபால்ட்டா அது உடனே ஏத்தப் பாக்கும்.

ஸ்டெப் 6: பழைய க்ரூப் என்ன பண்றது

மேஜர் வெர்ஷன் அப்கிரேட் பண்ணும்போது பழைய க்ரூப் கூட வராது, புது ஃபேமிலில புதுசா ஒண்ணு அப்கிரேடுக்கு முன்னாடியே ரெடி பண்ணி வைக்கணும். எதை எதை மாத்தினோம்னு மறந்துட்டா கன்சோல்ல கம்பேர்னு இருக்கு, உங்க க்ரூப்பையும் அதே ஃபேமிலியோட டீஃபால்ட்டையும் தேர்ந்தெடுத்தா வித்தியாசம் மட்டும் காட்டும்.

எதுலயாவது மாட்டியிருக்கற க்ரூப்ப டெலிட் பண்ண விடாது. எதுலயும் இல்லன்னாலும் அவசரப்பட்டு அழிக்காதீங்க, பழைய ஸ்னாப்ஷாட் (டேட்டாபேஸோட பேக்கப் நகல்) இருக்கற வரைக்கும் அந்த க்ரூப்பும் இருக்கட்டும், ஏன்னா ஸ்னாப்ஷாட்ல இருந்து ரீஸ்டோர் பண்ணும்போது க்ரூப்ப நீங்க தேர்ந்தெடுக்கலன்னா டீஃபால்ட் தான் ஒட்டிக்கும், டேட்டா பழையபடி வந்துடும் ஆனா செட்டிங்ஸ் எதுவும் வராது.