சைலன்சர் வாங்கிய பின் ஃபார்ம் 4 ஒப்புதல் வரும்வரை: செய்ய வேண்டியதும் தொடக்கூடாததும்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு சாதாரண ரைஃபிளை வாங்கினால் அன்றே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். துப்பாக்கியின் சத்தத்தைக் குறைக்க பேரல் (குழல்) நுனியில் மாட்டும் சைலன்சர் அப்படி இல்லை. முழுப் பணமும் கட்டி ரசீது வாங்கிய பிறகும் பொருள் கடையிலேயே இருக்கும். 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பின் பதிவேட்டில் அது டீலர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற வேண்டும். அதற்கான விண்ணப்பம்தான் ஃபார்ம் 4. மேற்கு வர்ஜீனியா மாநிலம் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள பிரிவு அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருகிறது. அதற்கு முன் பொருளை எடுத்துப் போனால் பத்து ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் உள்ள ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைந்த பேரல் உள்ள ஷாட்கன், மெஷின்கன் ஆகியவையும் இதே பதிவேட்டில் வருபவை. அதிகம் பேர் வாங்குவது சைலன்சர் என்பதால் இங்கே அதை வைத்தே சொல்கிறோம்.

வரி விஷயத்தில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 1934-லிருந்தே ஒரு பரிமாற்றத்துக்கு 200 டாலர் வரி இருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால், 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குட்டை பேரல் துப்பாக்கிகளுக்கும் அந்த வரி பூஜ்யம். மெஷின்கன் போன்றவற்றுக்கு 200 டாலர் அப்படியே தொடர்கிறது. வரி போனதோடு பதிவும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிவம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, ஒப்புதல் வரும்வரை காத்திருத்தல் எதுவும் மாறவில்லை.

பணம் கட்டும் முன்

கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூ யார்க், மாசசூசெட்ஸ், இல்லினாய், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய எட்டு மாநிலங்களில் தனிநபர் சைலன்சர் வைத்திருக்க முடியாது. நம்மவர்கள் அதிகம் வாழும் இடங்கள் சில இந்தப் பட்டியலில் இருக்கின்றன. டெக்சாஸில் வாங்கிவிட்டு நியூ ஜெர்சிக்கு வேலை மாறினால் அதைக் கூடவே கொண்டு போக முடியாது.

அடுத்தது விசா. ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1, எல்-1, சுற்றுலா விசா என்று குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அதை நம்பி விண்ணப்பித்தால் உரிமத்தின் நகலையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. படிவத்தில் குடியுரிமை நாட்டையும் ஏலியன் எண்ணையும் (கிரீன் கார்டில் உள்ள எண்) சரியாக எழுதினால் போதும். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டே பறிபோய் நாடு கடத்தப்படலாம். குடிமகனைவிட உங்களுக்கு இதில் இழப்பு அதிகம். அதனால் சந்தேகம் வரும் இடத்தில் வழக்கறிஞரைக் கேட்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

கடையில் கேட்க வேண்டியவை இரண்டு. விண்ணப்பம் போன பிறகு மனம் மாறினாலோ விண்ணப்பம் மறுக்கப்பட்டாலோ பணம் திரும்புமா, எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள்? இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, அந்தச் சைலன்சர் இப்போதே அந்த டீலர் பெயரில் பதிவாகி அலமாரியில் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அது தயாரிப்பாளரிடமிருந்தோ மொத்த வியாபாரியிடமிருந்தோ ஃபார்ம் 3 மூலம் டீலருக்கு வர வேண்டும். அதன் பிறகுதான் உங்கள் ஃபார்ம் 4 கிளம்பும். இணையத்தில் ஆர்டர் செய்துவிட்டு ஒப்புதல் ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் பலருக்கும் உண்மையில் ஃபார்ம் 4 இன்னும் சமர்ப்பிக்கப்பட்டே இருக்காது.

காலதாமதத்தின் பெரும்பகுதி விண்ணப்பத்திலேயே இருக்கிறது

காகிதப் படிவக் காலத்தில் எட்டு, பத்து மாதம் காத்திருப்பது சாதாரணம். 2021 டிசம்பரில் ஃபார்ம் 4 மின்வழிக்கு வந்தது. 2024-ல் ஏடிஎஃப் பரிசீலிக்கும் முறையை மாற்றிய பிறகு, தனிநபர் விண்ணப்பங்கள் சில நாள்களிலேயே திரும்பத் தொடங்கின. வரி நீங்கியபோது விண்ணப்பங்கள் குவிந்ததுபோல் எப்போதாவது நெரிசல் வரும். கூட்டாட்சி அரசு முடங்கினாலும் வேகம் குறையும். இவை நம் கையில் இல்லை. ஏடிஎஃப் தன் தளத்தில் வெளியிடும் நடப்பு சராசரிக் காலத்தைப் பார்த்து எதிர்பார்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். நம் கையில் இருப்பவை பெயர், ரேகை, படம், ட்ரஸ்ட் (தனிநபருக்குப் பதில் பொருளைத் தன் பெயரில் வைத்திருக்கும் சட்ட அமைப்பு) மூலம் வாங்கினால் அதன் ஆவணம்.

பெயர்தான் தமிழர்களுக்கு முதல் சிக்கல். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயருக்குப் பதிலாக 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். சிலருக்கு அது ஓட்டுநர் உரிமம் வரை தொடர்கிறது. சிலருக்கு ஒரு ஆவணத்தில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், இன்னொன்றில் இனிஷியல் மட்டும். ஃபார்ம் 4, கைரேகை, ட்ரஸ்ட், ஓட்டுநர் உரிமம் நான்கிலும் ஒரே எழுத்துக்கூட்டில் ஒரே வரிசையில் பெயர் இருக்க வேண்டும். உரிமத்தில் உள்ள பெயரையே எல்லாவற்றிலும் பயன்படுத்துவது நல்லது. உரிமத்திலேயே பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு வாருங்கள். உங்களைப்போலவே பெயர் உள்ள வேறொருவரின் குற்றப் பதிவால் எஃப்பிஐ சோதனை ஒவ்வொரு முறையும் இழுபட்டால், எஃப்பிஐயிடம் நீங்களே முன்வந்து விண்ணப்பித்து 'யுபின்' எனப்படும் தனி எண்ணைப் பெறலாம். அடுத்தடுத்த சோதனைகளில் அந்த எண்ணைக் கொடுத்தால் குழப்பம் குறையும்.

கைரேகைக்கு இரண்டு வழிகள். எஃப்டி-258 அட்டைகள் இரண்டில் மை வைத்து உருட்டி எடுப்பது பழைய வழி. ஸ்கேனரில் எடுத்து இஎஃப்டி கோப்பாக விண்ணப்பத்துடன் ஏற்றுவது புதிய வழி. ஒருமுறை எடுத்த கோப்பை அடுத்த விண்ணப்பத்துக்கும் பயன்படுத்தலாம். மின் கோப்பையே தேர்ந்தெடுங்கள். அட்டை என்றால், மின்விண்ணப்பம் போன பிறகு முகப்புத் தாளோடு 10 வேலை நாள்களுக்குள் தபாலில் அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்து உங்கள் கோப்பில் இணையும்வரை எதுவும் நகராது. வறண்ட கையில் ரேகை தெளிவாக விழாது. சிமெண்ட், ரசாயனம், அதிகப் பாத்திரம் கழுவுதல் என்று புழங்கும் கைகளில் கோடுகள் தேய்ந்திருக்கும். சில நாள்கள் முன்பிருந்தே இரவில் லோஷன் தடவுங்கள். எடுக்கும் நேரத்தில் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். விரலை நகத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே உருட்டலில் எடுக்க வேண்டும். அழுத்தினால் கோடுகள் கலந்துவிடும்.

புகைப்படம் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், ஓராண்டுக்குள் எடுத்தது. நெற்றியில் நிழல், கண்ணாடியில் ஒளி, இடுப்பளவு வெட்டிய படம் இவற்றால் விண்ணப்பம் திரும்பி வர வாய்ப்புண்டு.

ட்ரஸ்ட் பெயரில் வாங்கினால், அதில் பொறுப்பாளராக உள்ள ஒவ்வொருவரும் தன் விவரங்களுக்கான 5320.23 படிவம், ரேகை, படம் தர வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிச் சோதனை நடக்கும். ஐந்து பேர் என்றால் அதில் மெதுவானவரின் வேகம்தான் விண்ணப்பத்தின் வேகம். ஒப்புதல் வரும்வரை தனி ஆளாக ட்ரஸ்டை வைத்துக்கொண்டு, பிறகு மற்றவர்களைச் சேர்ப்பது நல்ல வழி. காத்திருக்கும்போது நடுவில் யாரையாவது சேர்த்தால் ஏடிஎஃப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். விண்ணப்பம் பின்னுக்குப் போகும். ஹெச்-4 விசாவில் உள்ள மனைவியை ட்ரஸ்டில் சேர்த்துவிட்டு மறுப்பு வாங்கும் நிலையும் வரலாம். விதிவிலக்குக்கான ஆவணம் இல்லாதவரைச் சேர்க்காதீர்கள். ட்ரஸ்டின் எல்லாப் பக்கங்களையும், கையெழுத்துப் பக்கம், நோட்டரி முத்திரை, சொத்துப் பட்டியல் உட்பட, ஏற்றுங்கள். ஒரு பக்கம் விடுபட்டாலும் திருப்பி அனுப்புவார்கள்.

உள்ளூர்க் காவல்துறைத் தலைவருக்கோ ஷெரிஃபுக்கோ விண்ணப்பத்தின் ஒரு நகல் போக வேண்டும். 2016 ஜூலை 13 முதல் அவர் கையெழுத்து தேவையில்லை, தகவல் மட்டுமே. பதில் வராது, வர வேண்டியதும் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் நாள்களில்

ஏடிஎஃப்பின் மின்விண்ணப்பத் தளமான இ-ஃபார்ம்ஸில் விண்ணப்பத்தின் நிலை பெரும்பாலும் 'பரிசீலனையில்' என்றே நிற்கும். தினமும் பார்ப்பதால் பயன் இல்லை. ஏடிஎஃப்பின் சராசரிக் காலம் கடந்து நன்றாகத் தள்ளிப்போன பிறகு, விண்ணப்பத்தின் கட்டுப்பாட்டு எண்ணையும் சைலன்சரின் சீரியல் எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு அவர்களை அழையுங்கள். எஃப்பிஐ சோதனை நிலுவையில் இருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். ஒப்புதல் மின்னஞ்சல் டீலருக்கும் போகும்; உங்களுடையது ஸ்பாமில் கிடக்கலாம், கடையிலும் விசாரியுங்கள்.

சொந்த ரேஞ்ச் வைத்திருக்கும் சில கடைகள், தங்கள் கண்காணிப்பில் தங்கள் இடத்திலேயே உங்கள் சைலன்சரைச் சுட்டுப் பார்க்க விடுவார்கள். பொருள் அவர்கள் கட்டுப்பாட்டை விட்டு விலகாதவரை அதில் தவறில்லை.

இந்த நாள்களில் பேரல் நுனியில் சைலன்சரைத் திருகும் மரையின் அளவைச் சரிபார்த்துவிடுங்கள். .223 கேலிபர் (குண்டின் விட்ட அளவு) பேரலுக்கு பெரும்பாலும் 1/2-28 மரை, .308-க்கு 5/8-24. ஐரோப்பிய 9 மிமீ கைத்துப்பாக்கிகள் பலவற்றில் 13.5-1 இடதுபுற மரை. மரை பேரலின் துளையோடு நேர்கோட்டில் வெட்டப்படாவிட்டால் குண்டு உள்தகட்டில் மோதிச் சைலன்சர் கிழியும். நேர்கோட்டைச் சோதிக்கும் கம்பியான அலைன்மெண்ட் ராட் ஒன்று வாங்கி வையுங்கள். பொருள் கைக்கு வந்ததும் முதல் குண்டுக்கு முன் சைலன்சரை மாட்டி, ராடைச் செருகிப் பார்க்க வேண்டும். பேரல் நுனியில் பொருத்தும் மவுண்ட் (சைலன்சரைப் பிடிக்கும் பாகம்), ஃப்ளாஷ் ஹைடர் (சுடும்போது வரும் ஒளியைக் குறைப்பது) போன்றவற்றை இப்போதே வாங்கிப் பொருத்தலாம். ஆனால் சைலன்சரின் உள் தகடுகளையோ, துப்புரவு வடிகட்டி என்ற பெயரில் விற்கும் குழாய்த் தொகுப்புகளையோ வாங்காதீர்கள். சைலன்சருக்கென்று செய்யப்பட்ட உதிரிப் பாகமும் சட்டத்தின் கண்ணில் சைலன்சர்தான்.

முகவரி மாறினால் உடனே டீலரிடம் சொல்லுங்கள். அதே மாநிலத்துக்குள் என்றால் திருத்திக்கொள்ளலாம். வேறு மாநிலம் என்றால் பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, பொருளைப் புதிய மாநில டீலருக்கு ஃபார்ம் 3-ல் அனுப்பி, அங்கே மறுபடி ஃபார்ம் 4 போட வேண்டும். வேலை மாற்றம் உறுதியாகத் தெரிந்தால் சேர்ந்த பிறகு வாங்குவதே மேல்.

மறுப்பு வந்தால்

மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்கும். எழுத்துப்பிழை, மங்கிய ரேகை, விடுபட்ட பக்கம் என்றால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம். வரி கட்டிய வகையாக இருந்தால் பணம் திரும்பும். பின்னணிச் சோதனையில் மறுப்பு என்றால் வேறு கதை. மறுபடி மறுபடி விண்ணப்பிக்காதீர்கள். எஃப்பிஐயிடம் காரணம் கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள்; முடித்து வைக்கப்பட்ட பழைய வழக்கின் தீர்ப்பு அவர்கள் பதிவில் ஏறாமல் இருப்பதே காரணம் என்றால், நீதிமன்றத்தின் சான்றிட்ட நகல் தேவைப்படும்.

கையில் வாங்கும் நாள்

கடையில் துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 படிவம் நிரப்ப வேண்டும். ஓட்டுநர் உரிமத்தில் இப்போதைய முகவரி இருக்கட்டும். ஒப்புதல் ஆவணத்தையும் பொருளையும் பக்கத்தில் வைத்துச் சீரியல் எண், மாடல், கேலிபர், நீளம், உங்கள் பெயரின் ஒவ்வோர் எழுத்து என்று ஒத்துப் பாருங்கள். பிழை இருந்தால் பேனாவால் திருத்தக் கூடாது. ஏடிஎஃப்தான் திருத்தித் தர வேண்டும். அதை முடித்துவிட்டு எடுத்துப் போங்கள்.

ஒப்புதல் ஆவணத்தின் மூலப் பிரதியைத் தீப்பிடிக்காத பெட்டியில் வையுங்கள். துப்பாக்கிப் பையில் அச்சிட்ட நகல் ஒன்று, கைப்பேசியில் ஒன்று. ஏடிஎஃப் அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். உங்கள் பெயரில் மட்டும் பதிவானதை நீங்கள் இல்லாதபோது மனைவியோ கணவரோ எடுத்துப் பயன்படுத்தக் கூடாது; சைலன்சர் உள்ள பெட்டியின் சாவியும் அவர்களிடம் இருக்கக் கூடாது. ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பாவை ரேஞ்சுக்கு அழைத்துப்போய் ஒரு குண்டு சுட வைப்பதும் முன்பு சொன்ன விசா தடைக்குள் வரும்.

சைலன்சரை வேறு மாநிலத்துக்கு எடுத்துப்போக முன் அனுமதி தேவையில்லை. அந்த மாநிலத்தில் அது சட்டப்படியானதாக இருந்தால் போதும். குட்டை பேரல் ரைஃபிளுக்கும் ஷாட்கனுக்கும் 5320.20 படிவத்தில் அனுமதி பெற்ற பிறகே எல்லை தாண்டலாம். உங்களுக்குப் பிறகு வாரிசு ஃபார்ம் 5 மூலம் வரியில்லாமல் தன் பெயருக்கு மாற்றலாம். ஒப்புதல் ஆவணம் எங்கே இருக்கிறது என்பதை உயிலோடு எழுதி வையுங்கள்.