எல்டர்பெர்ரியைப் பச்சையாக அரைத்துக் குடிக்காதீர்கள்

ஐரோப்பாவின் வேலியோரங்களில் ஆகஸ்ட் கடைசியில் எல்டர்பெர்ரி பழுக்கத் தொடங்கும். சிவந்த காம்புகளில், மிளகைவிடச் சற்றே பெரிய கரும்பழங்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் அங்கே அது காலங்காலமான கைவைத்தியம். இயற்கையானதுதானே என்று பறித்த கையோடு அரைத்துக் குடிப்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பதறுகிறது.

1983 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரே வட்டாரத்தில் ஒரு குழுவினர் காட்டு எல்டர்பெர்ரியை இலை, கிளையோடு நசுக்கிச் சாறெடுத்துப் பருகினார்கள். கால் மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி. எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. இலை, தண்டு, விதை, பழுக்காத காய் இவற்றில் இருக்கும் பொருள் நசுங்கும்போது சயனைடை வெளிவிடுகிறது. மரவள்ளிக் கிழங்கை நாம் பச்சையாகத் தின்னாததற்கும் இதுவே காரணம்.

கொத்தை ஒரு கையில் பிடித்து, முள்கரண்டியால் மெல்லச் சீவினால் கனிந்த பழங்கள் தாமாக உதிரும். பச்சைக் காய்களையும் காம்புத் துணுக்குகளையும் பொறுமையாகப் பொறுக்கி எறியுங்கள். பழத்தை மட்டும் அரை மணி நேரமாவது கொதிக்கவிட்டு, விதை விழாமல் வடிகட்டுங்கள். இலையைக் கஷாயத்தில் சேர்க்கவே வேண்டாம். சிரப்பில் தேன் கலந்திருந்தால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு சொட்டும் கூடாது.

இது ஃப்ளூவை விரட்டிவிடும் என்று நம்பியிருப்பது அடுத்த தவறு. 2004-ல் வெளியான நார்வே ஆய்வில், 60 பேரில் சிரப் குடித்தவர்களுக்கு ஏறக்குறைய நான்கு நாள் முன்னதாகவே குணம் தெரிந்தது. 2020-ல் வெளியான கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வில், 87 பேரிடம் பார்த்தும் பலன் எதுவும் தென்படவில்லை. தொண்டைக்கு இதமாக இருந்தால் குடியுங்கள், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஃப்ளூவுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். முதியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள் சிரப்பை நம்பி அந்த இரண்டு நாளைக் கழித்துவிடக் கூடாது. மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ யாராக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சிரப் குடித்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், முதல் மிடறுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.