‘ரன்’ங்கிற வார்த்தைய மனப்பாடம் பண்ணாம பிடிக்கிறது எப்படி

இங்கிலீஷ் கத்துக்கிற நம்ம ஆளுங்க நெறைய பேர் பெரிய பெரிய வார்த்தையா தேடிப் படிக்கிறாங்க, ஆனா பேசும்போதும் படிக்கும்போதும் கால வாரி விடறது கெட், செட், டேக், ரன் மாதிரி பொடி வார்த்தைங்கதான். அதுல பெரிய தலை ரன். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியோட 1989 ரெண்டாம் பதிப்புல ‘செட்’டுக்குத்தான் முதலிடம், 430 அர்த்தம் போட்டிருந்தாங்க, அப்புறம் ‘ரன்’ன திருத்தி எழுதி முடிச்சப்போ, அதாவது 2011 வாக்குல, வினைச்சொல்லா மட்டுமே 645 அர்த்தம்னு வந்து நின்னுச்சு. பீட்டர் கில்லிவர்ங்கிற அகராதி ஆசிரியர் இந்த ஒரு வார்த்தையோட மாசக்கணக்குல உட்கார்ந்திருந்தாரு. அதனால ‘ரன்னுக்கு 50 அர்த்தம்’னு சுத்துற லிஸ்ட்ட எல்லாம் தயவுசெஞ்சு மனப்பாடம் பண்ணாதீங்க, ரெண்டு நாள்ல மறந்துடும். வேற வழி இருக்கு, அதுல பாதி ஏற்கெனவே உங்க வாயில இருக்கு.

முதல்ல பண்ண வேண்டியது இதுதான்: ரன் வர்ற வாக்கியத்துல ‘ஓடு’ன்னு வச்சுப் பாருங்க. பஸ் ஓடுது, ஃபேன் ஓடுது, மெஷின் ஓடுது, டிவியில விளம்பரம் ஓடுது, மனசுல என்னமோ ஓடுது. இது எல்லாத்துக்கும் இங்கிலீஷ்லயும் ரன் தான். ‘பஸ்ஸஸ் ரன் எவ்ரி டென் மினிட்ஸ்’னா பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடுது, அவ்வளவுதான். படம் ஓடறதும் அப்படியே. 1944-ல வந்த ஹரிதாஸ் மூணு தீபாவளி கண்டுச்சுன்னு சொல்வோம்ல, அத இங்கிலீஷ்ல எழுதினா ‘ரேன் ஃபார் த்ரீ தீபாவளீஸ்’. லண்டன்ல 1952-ல ஆரம்பிச்ச ‘தி மௌஸ்ட்ராப்’ நாடகத்த ‘லாங்கஸ்ட் ரன்னிங்’னு சொல்றதும் இதே ஓட்டம்தான். கிரிக்கெட்டுக்கு நாம ‘ரன்’னையே வச்சுக்கிட்டோம், இலங்கைத் தமிழ் பேப்பர எடுத்துப் பாருங்க, ‘50 ஓட்டங்கள்’னு அழகா எழுதியிருப்பாங்க. வீட்ட விட்டு ஓடிப்போறதுக்கு ‘ரன் அவே’, இதுலயும் ஓடு அப்படியே ஒட்டிக்குது. ஆக, காசு செலவில்லாம ஒரு பெரிய மூட்டை அர்த்தம் கைக்கு வந்துடுச்சு.

ஆனா ஓடு எல்லா இடத்துலயும் கை கொடுக்காது, அந்த இடங்கள தனியா குறிச்சு வச்சுக்கணும். ‘வண்டி ஓட்டுறேன்’ங்கறத ‘ஐ ரன் எ கார்’னு சொன்னா தப்பு, அதுக்கு ட்ரைவ். ‘ரன் எ கார்’னா, முக்கியமா பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல, சொந்தமா ஒரு கார் வச்சு பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ்னு செலவு பண்ணிப் பராமரிக்கிறதுன்னு அர்த்தம், ‘ரன்னிங் காஸ்ட்’ங்கிறமே அந்தக் கணக்கு. அதே மாதிரி ‘ஏதோ பொழப்பு ஓடுது’ன்னு நாம சொல்றதுக்கு ரன் வராது, ‘வீ ஆர் கெட்டிங் பை’ன்னு தான் சொல்லணும். ‘காலம் ஓடிப்போச்சு’க்கு ‘டைம் ஃப்ளூ’. ‘ரேன் அவுட் ஆஃப் டைம்’னு சொன்னா அது நேரம் பத்தாம போச்சுங்கிற வேற விஷயம்.

அடுத்து, ரன்னுக்குப் பின்னாடி நேரா ஒரு பெயர்ச்சொல் வந்து நிக்குதான்னு பாருங்க. நின்னா பெரும்பாலும் அது ‘நடத்து’ இல்லன்னா ‘இயக்கு’. ரன் எ ஷாப், ரன் எ ஸ்கூல், ரன் எ ப்ரோகிராம், ரன் எ டெஸ்ட் எல்லாம் இந்த வகை. பேப்பர்காரங்க ‘ரன் எ ஸ்டோரி’ன்னா அந்தச் செய்திய போடறது. ‘ஷி ரன்ஸ் த ஹவுஸ்’னா வீட்டு நிர்வாகம் மொத்தமும் அவங்க கையில. ஆனா ‘இன்’ங்கிற ஒரு குட்டி வார்த்தை நடுவுல வந்தா கதையே மாறிடுது பாருங்க, ‘டயபடீஸ் ரன்ஸ் இன் அவர் ஃபேமிலி’ன்னா சுகர் எங்க குடும்பத்துல வழிவழியா வருதுன்னு அர்த்தம். டாக்டர்கிட்ட போனா இந்த வரி கண்டிப்பா உதவும். அங்கயே இன்னொண்ணும் தேவைப்படும்: ‘ரன்னிங் எ ஃபீவர்’, அதாவது காய்ச்சல் அடிக்குது.

டாக்டர் விஷயம் வந்ததால தண்ணி அர்த்தத்துக்கு வந்துடுவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. மூக்கு ஒழுகறதுக்கும் குழாயில தண்ணி கொட்டறதுக்கும் எதுக்கு ரன்னு சொல்றாங்கன்னு நெறைய பேருக்கு குழப்பம். உண்மையில பழைய இங்கிலீஷ்ல ‘ரின்னன்’னு இருந்த சொல்லுக்கு ஓடறது, ஒழுகறது ரெண்டுமே அர்த்தம், ஜெர்மன்ல இன்னிக்கும் ‘ரின்னன்’னா வழியறதுதான். நாமளும் ஆறு ஓடுதுன்னுதானே சொல்றோம். மூக்கு ஒழுகறத ஊர்ல எல்லாரும் ‘ரன்னிங் நோஸ்’னு சொல்றோம், வெளிநாட்டுல கேட்டா ‘ரன்னி நோஸ்’னு சொல்வாங்க, அது ரெண்டு பேருக்கும் புரியும். வயித்தால போறதுக்கு பேச்சு வழக்குல ‘த ரன்ஸ்’. சாயம் போறதும் ரன் தான்: துணியோட உள்பக்கம் தைச்சிருக்கிற லேபிள்ல ‘கலர்ஸ் மே ரன்’னு இருந்தா அந்தத் துணிய வெள்ளை வேட்டியோட சேர்த்து ஊறப் போடாதீங்க. இந்த இடத்துல ரன்னுக்கு ஒரு சினானிமும், அதாவது அதே அர்த்தம் வர்ற வேற சொல்லும் இருக்கு, ‘ப்ளீட்’. நம்ம மெட்ராஸ் கட்டம் போட்ட துணி சாயம் போகுதுங்கறதையே பெருமையா மாத்தி 1960கள் வாக்குல அமெரிக்காவுல ‘ப்ளீடிங் மெட்ராஸ்’னு வித்தாங்க.

இப்ப கஷ்டமான இடம், பின்னாடி ஒட்டிக்கிற சின்ன வார்த்தைங்க. இத மொத்தமா படிக்காதீங்க, தினமும் பேசற வாக்கியமா ஒண்ணு ஒண்ணா பழகுங்க. பால் தீர்ந்துபோச்சு: ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ இல்லன்னா ‘த மில்க் ஹேஸ் ரன் அவுட்’, ஆள் முன்னால வந்தா ‘ஆஃப்’ வேணும், பால் முன்னால வந்தா வேணாம். கிரிக்கெட் ரன் அவுட் மட்டும் வேற, ‘ஹி வாஸ் ரன் அவுட்’னு செயப்பாட்டு வினையா சொல்லணும். ‘ரன் இன்டூ’க்கு மூணு வேலை: பழைய ஃப்ரெண்ட மார்க்கெட்ல தற்செயலா பாக்கறது, வண்டி செவுத்துல மோதறது, நஷ்டம் கோடிக்கணக்குல போறது. ‘ரன் ஓவர்’னா வண்டி மேல ஏறிடறது, மீட்டிங் சொன்ன நேரத்த தாண்டிப் போறதுக்கும் அதேதான். ஆபீஸ்ல மேனேஜர் ‘ரன் இட் பை மீ’ன்னு சொன்னா முடிக்கிறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு தடவ காட்டி அபிப்ராயம் கேளுன்னு அர்த்தம், ஓடி வான்னு இல்ல. ‘ரன் டவுன்’, ‘ரன் அப்’, ‘ரன் த்ரூ’ எல்லாம் மெதுவா வரட்டும்.

தேர்தலுக்கு அமெரிக்கால ‘ரன்’, பிரிட்டன்ல ‘ஸ்டாண்ட்’, நம்ம ஊர்ல ‘கன்டெஸ்ட்’. 2020-ல கமலா ஹாரிஸ் ஜோ பைடனோட ‘ரன்னிங் மேட்’, அதாவது துணை அதிபர் பதவிக்கு கூட நின்னவங்க. ‘பேங்க் ரன்’னா டெபாசிட் போட்டவங்க எல்லாரும் பயந்துபோய் ஒரே நேரத்துல பணத்த எடுக்கப் போறது. 2023 மார்ச் 9 அன்னிக்கு ஒரே நாள்ல அமெரிக்காவோட சிலிக்கான் வேலி பேங்க்ல 4,200 கோடி டாலர எடுக்க முயற்சி பண்ணாங்க, மறுநாள் பேங்க மூடிட்டாங்க. இத்தனைக்கும் அதுல பெரும்பாலானவங்க எங்கயும் ஓடல, ஃபோனுலயும் கம்ப்யூட்டர்லயும் தட்டினதுதான்.

சினானிம் விஷயத்துக்கு வருவோம். ரோஜெட்ங்கிறவர் 1852-ல வெளியிட்ட தெசாரஸ், அதாவது ஒத்த சொல் தொகுப்பு, வார்த்தைங்கள கருத்துவாரியா கூட்டம் கூட்டமா அடுக்கினது, ஒண்ணுக்கு பதிலா ஒண்ண கண்ண மூடி மாத்திக்கலாம்னு அதுக்கு அர்த்தம் இல்ல. அதனால மாத்தறதுக்கு முன்னாடி யார், எதுக்காகன்னு ரெண்டு கேள்வி கேளுங்க. காலையில பீச்ல உடம்புக்காக நிதானமா ஓடினா ஜாக். 100 மீட்டர்ல மொத்த பலத்தையும் போட்டா ஸ்ப்ரின்ட். கிளம்பற பஸ்ஸ பிடிக்க பாஞ்சா டேஷ். பட்டாசு சத்தத்துல மாடு கயித்த அத்துக்கிட்டு திடீர்னு ஓடினா போல்ட். ஃப்ளீ மட்டும் வேகத்த பத்தினது இல்ல, உயிருக்குப் பயந்து ஊரயே விட்டுப் போறது. 1983 ஜூலையில இலங்கையில நடந்த வன்முறைக்குத் தப்பி படகேறி வந்தவங்கள ‘ஃப்ளெட்’னு எழுதணும், அங்க ‘ரேன்’னு எழுதினா அவங்க பட்டது அத்தனையும் அந்த வரியில இல்லாம போயிடும். நடத்தறதுலயும் இதே கவனம் வேணும்: ‘ரன்ஸ் எ ஷாப்’னா முதலாளியா இருக்கலாம், ‘மேனேஜஸ் எ ஷாப்’னா சம்பளத்துக்கு இருக்கிற மேனேஜர்தான் முதல்ல மனசுல வருவாரு. ஆபரேட் மெஷினுக்கும் கம்பெனி அறிக்கைக்கும், கண்டக்ட் தேர்வுக்கும் சர்வேக்கும் சரி. கூழ் கடை நடத்தற அக்காவ ‘ஷி ஆபரேட்ஸ்’னு எழுதினா கேட்கவே ஒட்டாது.

நோட்டு போடறீங்கன்னா அர்த்தத்த எழுதாதீங்க, முழு வாக்கியமா எழுதுங்க, பக்கத்துல தமிழ் வினைச்சொல்ல மட்டும் போடுங்க: ஓடு, நடத்து, ஒழுகு, தீர், போட்டியிடு. இந்த அஞ்சு தலைப்புக்குள்ளயே நீங்க தினமும் பாக்கற பெரும்பாலான ரன் அடங்கிடும், அடங்காதது ஆறாவது பக்கத்துக்கு. அகராதி பாக்கறதா இருந்தா கத்துக்கிறவங்களுக்குன்னு போட்ட லேர்னர்ஸ் அகராதிய பாருங்க, அதுல அதிகமா புழங்கற அர்த்தத்த முன்னாடி வச்சு உதாரண வாக்கியத்தோட கொடுத்திருப்பாங்க. ரன், ரேன், ரன்ங்கிற மூணு வடிவத்தையும் முதல் பக்கத்துலயே எழுதிடுங்க, ‘ஹேவ் ரன்’னுக்கு பதிலா ‘ஹேவ் ரேன்’னு நல்லா படிச்சவங்களே எழுதறத பாக்கறேன். அப்புறம் ஒரு இங்கிலீஷ் பேப்பர எடுத்து ஸ்போர்ட்ஸ் பக்கத்துலயும் பிசினஸ் பக்கத்துலயும் ரன் வர்ற இடத்தையெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டு, எந்தத் தலைப்புன்னு ஓரத்துல குறிங்க. ரெண்டு பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு உங்களுக்கே தெரியும். அடுத்த வாரம் இதே மாதிரி ‘செட்’ட எடுத்துக்கலாம், ஆனா அதுக்கு ‘ஓடு’ மாதிரி ஒரே தமிழ்ச் சொல் கிடைக்காது, ‘வை’யில ஆரம்பிச்சுப் பாருங்க.