போர்க்குற்றச் சான்றாகப் போகும் மெமரி கார்டு: திறக்கும் முன் செய்ய வேண்டியவை

தெரிந்த அக்கா ஒருவர் போன வருடம் ஒரு மெமரி கார்டு கொண்டுவந்து தந்தார். திருநீறு மடிக்கிற மாதிரி காகிதத்தில் மடித்து, இத்தனை வருடமாகப் பத்திரப்படுத்தியது. 2009-ல் வன்னியில் அவருடைய தம்பி எடுத்த படங்கள். தம்பி இன்று இல்லை. "இதை ஜெனீவாவுக்குக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியும். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானத்துக்குப் பிறகு, இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாப்பதற்கென்றே மனித உரிமை ஆணையர் அலுவலகத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தக் கார்டில் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். இன்னொருவர் அதைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. பூட்டிவிட்டுச் செருகுங்கள்

கார்டைக் கணினியில் செருகினேன். ஒரு படம் படுத்த வாக்கில் இருந்தது. நிமிர்த்திப் பார்ப்போம் என்று சுழற்றும் பொத்தானை அழுத்தினேன். அவ்வளவுதான், அந்த மென்பொருள் திரும்பிய படத்தைக் கார்டிலேயே சேமித்துவிட்டது. திருத்திய தேதி என்ற இடத்தில் 2009 போய், அன்றைய தேதி வந்து உட்கார்ந்துகொண்டது. படத்தில் இருப்பது மாறவில்லை. ஆனாலும் "இதைத் திருத்தியிருக்கிறார்களே, மற்றதை எப்படி நம்புவது?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க அது போதும்.

மைக்ரோ எஸ்டி கார்டைப் பொருத்தும் அடாப்டரின் இடது ஓரத்தில் நகம் அளவுக்குச் சின்னதாக ஒரு நெம்பு இருக்கும். அதைக் கீழே தள்ளினால் எழுதுவதற்குப் பூட்டு விழும். எல்லா ரீடரும் இந்தப் பூட்டை மதிப்பதில்லை. தடயவியல் ஆட்கள் ரைட் பிளாக்கர் என்ற, கார்டில் எதையும் எழுதவிடாமல் தடுக்கும் கருவியை வைத்துத்தான் கார்டைத் தொடுவார்கள். தெரிந்தவரிடம் கடன் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பூட்டைப் போடுங்கள், எந்தப் படத்தையும் கார்டிலிருந்து நேரடியாகத் திறக்காதீர்கள்.

2. திறக்கும் முன் ஹாஷ்

ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. எஸ்.எச்.ஏ-256 முறையில் 64 எழுத்துகள் வரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரிசை முழுவதும் வேறாகிவிடும். விண்டோஸில் இதற்கு நான் பரிந்துரைப்பது செவன்-ஜிப் என்ற மென்பொருள்: கோப்பின் மேல் வலது கிளிக், அதில் சி.ஆர்.சி. பட்டியல், அதற்குள் எஸ்.எச்.ஏ-256. இலவசம், இணையமே வேண்டாம். கோப்பை ஏற்றச் சொல்லி ஹாஷ் கணக்கிட்டுத் தரும் இணையத்தளங்கள் வேண்டவே வேண்டாம். சாட்சியின் படத்தை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பதும் அதுவும் ஒன்றுதான்.

கார்டில் இருக்கும்போதே ஒரு முறை, நகல் எடுத்த பிறகு நகலில் ஒரு முறை. இரண்டும் ஒன்றாக இருந்தால் கார்டை எடுத்து வைத்துவிடுங்கள். இனி எல்லா வேலையும் நகலில்தான். ஹாஷ் போட்ட நேரத்திலிருந்து கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். படம் உண்மையா என்பதை அது சொல்லாது.

3. கைமாறல் பதிவு

வக்கீல்கள் செயின் ஆஃப் கஸ்டடி என்பார்கள். யாரிடமிருந்து, எப்போது, எந்த நிலையில் வந்தது, பிறகு யார் தொட்டார்கள் என்ற விவரம். எக்செலைவிட, பக்க எண் போட்ட தைத்த நோட்டுப் புத்தகத்தைத்தான் நான் விரும்புகிறேன். இடையில் ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். படத்தைச் சுழற்றியதையும் தேதி, நேரம், கோப்பின் பெயரோடு அதில் எழுதி, அக்காவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். மறைத்த தப்பு பின்னால் தெரியவந்தால் மற்றப் படங்களையும் சேர்த்துச் சந்தேகப்பட வைக்கும்.

4. தேதியை நம்பி ஏமாறாதீர்கள்

2009 ஆகஸ்டில் சேனல் 4 ஒளிபரப்பிய காணொளி நினைவிருக்கும். கைகளைக் கட்டி, கண்களை மறைத்து, நிர்வாணமாக்கிச் சுட்டுக் கொல்லும் காட்சி. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் துப்பாக்கி, உடற்கூறு, காணொளித் தடயவியல் என்று மூன்று துறை நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்தார். அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். ஆனால் கோப்புக்குள் பதிந்திருந்த தேதி 2009 ஜூலை 17. போர் முடிந்ததோ மே மாதம். நிபுணர்களால் விளக்க முடியாத சில அம்சங்களில் அந்தத் தேதியும் ஒன்று என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

கருவியின் கடிகாரம் தவறாக இருந்திருக்கலாம், கோப்பு இடையில் மறுபடி எழுதப்பட்டிருக்கலாம். படம் எடுத்த போன் கையில் இருந்தால் அதன் கடிகாரத்தையும் உங்கள் கடிகாரத்தையும் அருகருகே வைத்துப் படம் எடுத்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பல போன்கள் காணொளியில் உலகப் பொது நேரத்தைப் பதியும், இலங்கை நேரம் வேண்டுமென்றால் அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். உள்தரவை, அதாவது கோப்புக்குள் பதிந்திருக்கும் தேதி போன்ற விவரங்களைப் பார்க்க, காணொளிக்கு மீடியாஇன்ஃபோ, படத்துக்கு எக்சிஃப்டூல் என்ற மென்பொருள்கள் உண்டு. விண்டோஸில் தெரியும் உருவாக்கிய தேதி நீங்கள் நகலெடுத்த நேரமாகத்தான் இருக்கும், அதைச் சான்றாகக் காட்டாதீர்கள்.

5. வாட்ஸ்அப் வேண்டாம்

சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், உள்தரவு போய்விடும். முகங்களை மறைக்க வேண்டுமென்றால் நகலின் நகலில் மறையுங்கள்.

அதற்காக இணையத்தில் கிடைத்ததைக் குப்பை என்று ஒதுக்காதீர்கள். லிபியாவின் மஹ்மூத் அல்-வெர்ஃபல்லி மீது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் பிடியாணை பிறப்பித்தபோது, 33 பேரைக் கொன்ற 7 சம்பவங்களுக்கு சமூக ஊடகக் காணொளிகள் முக்கிய ஆதாரம். அப்படிக் கிடைப்பதற்கு முகவரி, பதிவேற்றிய கணக்கு, நீங்கள் சேமித்த நேரம், இவை மூன்றையும் எழுதி வையுங்கள். இதை ஆழமாகப் படிக்க, இணையத்தில் கிடைப்பதைச் சான்றாகச் சேகரிப்பதற்கான வழிகாட்டியாக 2020-ல் வந்த பெர்க்லி நெறிமுறை இருக்கிறது.

பின்சேர்க்கை 1: ஐபோனிலிருந்து எடுத்த நகலின் ஹாஷ் பொருந்தவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அமைப்புகளில் படங்கள் பகுதிக்குப் போய், கணினிக்கு மாற்றும் முறையைத் தானியங்கியிலிருந்து மூலக் கோப்பை அப்படியே வைத்திரு என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் வழியிலேயே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பிவிடும்.

பின்சேர்க்கை 2: பார்க்க முடியவில்லை, இரவில் தூக்கம் இல்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஒலியை அணைத்து, சின்னச் சாளரத்தில் பாருங்கள். நகலெடுக்கவும் ஹாஷ் போடவும் பார்க்கவே தேவையில்லை.

பின்சேர்க்கை 3: பழைய கார்டைச் செருகியதும் ஃபார்மேட் செய்யச் சொல்லிப் பெட்டி வந்தால் ரத்து பொத்தானை அழுத்துங்கள். கார்டை எடுத்து, நோட்டில் குறித்து, தரவு மீட்பவரிடம் நேரில் கொண்டுபோங்கள்.