கல்யாணப் படங்களை பென் டிரைவில் மட்டும் வைக்காதீர்கள்

கல்யாண வீடியோ, பிள்ளைகளின் பழைய படங்கள் எல்லாம் ஒரே ஒரு பென் டிரைவில் பீரோவுக்குள் கிடக்கிறதா? இன்றே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள்.

பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகக் கணினிகளில் வரும் சிப் வகை சேமிப்பான்) மூன்றும் ஃபிளாஷ் வகை. சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய செல்களில் எலெக்ட்ரான்களை அடைத்து வைத்துத்தான் தகவலைச் சேமிக்கின்றன. மின்சாரமே இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். சூட்டில் இன்னும் வேகமாக. வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு ஜெடெக் (சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) தரநிலை கேட்பதே, எழுதும் ஆயுள், அதாவது இவ்வளவுதான் எழுதலாம் என்ற அளவு, தீர்ந்த பிறகு மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் 1 வருடம் தகவல் நிற்க வேண்டும் என்பதுதான். புதியது இதைவிட அதிக நாள் தாங்கும். ஆனால் நம் ஊர் மே மாதத்தில் மூடிய பீரோவுக்குள் 30 டிகிரியா இருக்கும்?

ஹார்டு டிஸ்க் வேறு மாதிரி. நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டில் காந்தப் பதிவாக எழுதுகிறது. அணைத்து வைத்தாலும் அது சட்டென்று போகாது. பழைய படங்களுக்கு நான் சொல்வது இதைத்தான், விலையும் குறைவு. ஓடும்போது மட்டும் தட்டிவிடாதீர்கள். உள்ளே 'டிக் டிக்' சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

சரி, பென் டிரைவ்தான் கையில் இருக்கிறது என்றால்? வருடத்துக்கு ஒருமுறை ஃபைல்களைக் கணினிக்கு எடுத்து, நாலைந்தைத் திறந்து பார்த்து, அப்புறம் டிரைவை ஃபார்மேட் செய்து திரும்ப எழுதுங்கள். சும்மா செருகிப் பார்த்தால் போதாது. எழுதும்போதுதான் செல்கள் புதிதாக நிரம்பும்.